எத்தனாவது வளைவு? நீண்ட ஆவணத்தில் ஒரு பக்கத்தைத் தேடிப் பிடிப்பது

ஏற்காட்டிலிருந்து அத்தை இறங்கி வந்திருந்தார். கையில் மஞ்சப்பை, பைக்குள் ஒரு பத்திரத்தின் ஜெராக்ஸ். மாமா காலத்தில் வாங்கிய சின்னக் காப்பித் தோட்டத்தின் கிரயப் பத்திரம் அது. ஏழு பக்கம் இருக்க வேண்டும், ஐந்துதான் இருந்தது. அசல் எங்கே போனதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மகன்களுக்குப் பாகம் பிரித்துக் கொடுப்பதற்குள் சான்றிட்ட நகல் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று அத்தைக்கு அவசரம்.

முதல் பக்கத்தில் தேதி பளிச்சென்று தெரிந்தது: 1971 நவம்பர். கடைசிப் பக்கம் இல்லாததால் பத்திர எண் தெரியவில்லை. தேதிதான் இருக்கிறதே என்று 1971ஆம் ஆண்டுக்குத் தேடச் சொல்லி மனுப் போட்டோம். அரை நாள் போயிற்று. அந்த ஆண்டின் பெயர் அட்டவணையில் மாமாவின் பெயரே இல்லை. அத்தையின் முகம் வாடிவிட்டது. பத்திரம் பதியாமலே விட்டிருப்பார்களோ என்ற பயம் எனக்கும் வந்துவிட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த வயதான பத்திர எழுத்தர் ஜெராக்ஸை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டினார். "தம்பி, எழுதுன தேதிய வெச்சுத் தேடியிருக்கீங்க. பதிஞ்ச தேதி வேறயா இருக்குமுங்க. கார்த்திகைல எழுதிட்டு தை, மாசி வரைக்கும் பதியாம வெச்சிருந்திருப்பாங்க. எழுபத்திரெண்டுல பாருங்க" என்றார்.

1972 பிப்ரவரியில் இருந்தது.

அவர் சொன்னதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, எழுதிக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆவணத்தைப் பதிவுக்குக் கொண்டுவரலாம் என்கிறது. ஆண்டுக் கடைசியில் எழுதிய பத்திரம் அடுத்த ஆண்டின் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வது இதனால்தான். எண்கள் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றிலிருந்து தொடங்கும் என்பது 53ஆம் பிரிவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் எங்களுக்கு அந்த அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

நாங்கள் செய்தது பலரும் செய்வதுதான். ஒரு பக்கத்தைத் தேடும்போது அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் நினைக்கிறோம். அது எந்த வரிசையில், எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டது என்று நினைப்பதில்லை. பத்திரப் பதிவேடு ஆனாலும், ஸ்கேன் செய்த 600 பக்கப் புத்தகம் ஆனாலும், இணையத்தில் பக்கம் பக்கமாக நீளும் பட்டியல் ஆனாலும் தேடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அடுக்கிய விதம்.

பதிவுச் சட்டத்தை எழுதியவர்கள் இந்த விஷயத்தில் காட்டிய அக்கறையைப் படிக்கப் படிக்க எனக்கு மரியாதை கூடுகிறது. 16ஆம் பிரிவைப் பாருங்கள். பதிவுப் புத்தகங்களின் பக்கங்களுக்கு அச்சிலேயே தொடர் எண் இருக்க வேண்டும். மொத்தம் எத்தனை பக்கம் என்று தலைப்புப் பக்கத்தில், புத்தகத்தை வழங்கிய அதிகாரி சான்று எழுத வேண்டும். ஒரு தாளைக் கிழித்தால் எண் காட்டிக்கொடுத்துவிடும். கடைசித் தாளைக் கிழித்தால் முதல் பக்கத்துச் சான்று காட்டிக்கொடுத்துவிடும். நடுவில் ஒரு தாளைச் செருகவும் வழியில்லை. பக்கத்தைத் தேடிப் பிடிக்க மட்டுமல்ல, பக்கத்தைக் காப்பாற்றவும் எண்தான் காவல்.

ஆவணங்கள் ஐந்து வகைப் புத்தகங்களாகப் பிரிக்கப்படுகின்றன. நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1ஆம் புத்தகம். பதிய மறுத்தால் அதன் காரணம் 2ஆம் புத்தகம். உயில் 3, இதர ஆவணங்கள் 4, மூடி முத்திரையிட்டுக் கொடுத்து வைக்கும் உயில்களின் கணக்கு 5. 1ஆம் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணை உண்டு. ஒன்று பெயர் வழியாக: எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவர் பெயரும் அதில் வரும். மற்றது சொத்து வழியாக. பெயர் தெரிந்தவர் ஒரு வாசலில் நுழையலாம், இடம் மட்டும் தெரிந்தவர் இன்னொரு வாசலில் நுழையலாம், இருவரும் ஒரே பக்கத்துக்கு வந்து சேருவார்கள். 57ஆம் பிரிவின்படி கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் இந்தப் புத்தகத்தையும் அட்டவணையையும் பார்க்கலாம். வில்லங்கச் சான்று என்று நாம் வாங்குவது இந்த அட்டவணையைத் தேடியதன் விளைவுதான்.

பழைய பத்திரம் வீட்டில் இருந்தால் கடைசிப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். 1 புத்தகம், இத்தனாவது தொகுதி, இத்தனை முதல் இத்தனை வரை பக்கங்கள், இந்த ஆண்டின் இத்தனாம் எண் என்று முத்திரையில் நிரப்பிக் கையெழுத்திட்டிருப்பார்கள். 60ஆம் பிரிவு கேட்கிற சான்று அது. ஒரு பக்கத்துக்கு முழு முகவரி எழுதுவது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. அதில் ஒன்றே ஒன்று கூடுதலாக வேண்டும்: எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பது. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனித்தனி எண்வரிசை. 1456/1972 என்று மட்டும் சொன்னால் சேலத்தைச் சுற்றி எத்தனை அலுவலகம் உண்டோ அத்தனை 1456 இருக்கக்கூடும்.

ஏற்காடு மலைப்பாதையில் போய்வருகிறவர்களுக்கு இது புதிதல்ல. சேலம் அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு. வண்டி நின்றுபோய் மெக்கானிக்குக்கு போன் போட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனாவது வளைவுங்க?" மரம் அடர்ந்திருக்கிறது, பள்ளத்தில் ஊர் தெரிகிறது, குரங்குக் கூட்டம் இருக்கிறது என்றெல்லாம் சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது, அந்தச் சாலையில் எங்கே நின்றாலும் மரமும் பள்ளமும் குரங்கும் உண்டு. "பன்னெண்டு தாண்டி, பதிமூணுக்கு முன்னால" என்றால் போதும், ஆள் வந்துவிடுவார். ஆனால் குப்பனூர் வழியாகவும் ஏற்காட்டுக்கு ஒரு சாலை போகிறது. அந்தப் பக்கம் ஏறியவர் வளைவை மட்டும் சொல்லிச் சாலையைச் சொல்லாவிட்டால் உதவிக்கு வருகிறவர் மலையின் மறுபக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார். எந்த வரிசை, வரிசையில் எத்தனாவது: இரண்டும் சேர்ந்தால்தான் முகவரி.

இனி ஸ்கேன் செய்த புத்தகங்களுக்கு வருகிறேன். என் நேரத்தை அதிகம் தின்றவை இவைதான்.

சேலத்தின் பழைய கதையைத் தேடுகிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு நாள் இரண்டு நூல்களில் வந்து நிற்பார்கள். ஒன்று, லெ ஃபானு தொகுத்து 1883இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேடு, இரண்டு தொகுதி. மற்றது, ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வந்த சேலம் மாவட்ட கெசட்டியர், அதாவது அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல். சேர்வராயன் மலையில் 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பி வந்தது முதல் செவ்வாய்ப்பேட்டை வணிகம் வரை எதைத் தேடினாலும் இவற்றைப் புரட்டாமல் முடியாது. இப்போது இரண்டையும் இணையத்தில் ஸ்கேன் வடிவில் படிக்கலாம். தருமபுரி (இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அப்போது அதற்குள்) 1965லும் நாமக்கல் 1997லும் தனி மாவட்டமாகப் பிரிந்தவை. அதனால் ஓசூர்க்காரரும் கிருஷ்ணகிரிக்காரரும்கூடத் தங்கள் ஊரின் பழைய பக்கங்களைச் சேலம் என்ற பெயருக்குக் கீழேதான் தேட வேண்டும். எந்த அட்டைக்குள் தேடுவது என்பதே பாதித் தேடல்.

கோப்பைத் திறந்ததும் வரும் குழப்பம் பக்க எண். ஒருவர் கட்டுரையில் '214ஆம் பக்கம்' என்று குறித்திருக்கிறார். கோப்பில் 214 என்று தட்டினால் வேறெதுவோ வருகிறது. காரணம் எளிது. கோப்பு அட்டையிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. அச்சுப் புத்தகம் நூலின் முதல் அத்தியாயத்திலிருந்து எண்ணுகிறது. முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் ரோமன் எண்ணில் தனி வரிசை. நூல் அச்சான பிறகே முன்னுரையும் பொருளடக்கமும் முடிவாகும் என்பதால் அவற்றுக்குத் தனி எண் கொடுக்கும் வழக்கம் அச்சகங்களில் வந்தது.

அச்சில் 1ஆம் பக்கம் கோப்பில் 29ஆக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 28. ஆகவே 214ஐப் பார்க்க 242 என்று தட்ட வேண்டும். இதை ஒருமுறை கண்டுபிடித்துக் கோப்பின் பெயரிலேயே 'கூட்டு 28' என்று எழுதி வைத்துக்கொள்வேன். ஆனால் இந்த வித்தியாசம் நூல் முழுக்க ஒரே அளவாக இருக்காது. நடுவில் எண்ணில்லாத படத்தாளோ மடித்து வைத்த வரைபடமோ வந்தால் முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம் கூடிவிடும். 214க்கு முன்னால் அப்படி மூன்று தாள் இருந்தால் நமக்கு வேண்டிய பக்கம் 248இல் கிடக்கும். அதனால் நூலின் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை வித்தியாசத்தைச் சரிபார்ப்பது நல்லது. விரித்த புத்தகத்தை இரண்டு பக்கம் சேர்த்து ஒரே படமாக ஸ்கேன் செய்திருந்தால் கணக்கே வேறு: எண்ணைப் பாதியாக்கிவிட்டுத் தேட வேண்டும்.

வித்தியாசம் எதிர்த்திசையில் வந்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். நடுவில் கூட்டு 34 இருந்தது கடைசியில் கூட்டு 32 ஆகிவிட்டால், இடையில் இரண்டு பக்கம் ஸ்கேன் ஆகவில்லை என்று பொருள். தேடிய செய்தி நூலில் இல்லை என்று முடிவு கட்டுமுன் இதைப் பார்த்துவிட வேண்டும். ஒரு நூலில் இல்லாதது வேறு, நம் கோப்பில் இல்லாதது வேறு.

வித்தியாசமும் தெரியாது, பக்க எண்ணும் தெரியாது, ஆண்டு மட்டும் தெரியும் என்ற நிலை அடிக்கடி வரும். நாட்குறிப்பு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, கணக்குப் பேரேடு இவையெல்லாம் தேதி வாரியாக ஓடுபவை. முதலிலிருந்து புரட்டாதீர்கள். நட்டநடுவில் திறந்து தேதியைப் பாருங்கள். நமக்கு வேண்டியது அதற்கு முன்னா பின்னா? வேண்டாத பாதியை விட்டுவிட்டு மீதிப் பாதியின் நடுவைத் திறங்கள். 1000 பக்கமானாலும் இப்படிப் பத்து முறை திறந்தால் ஒரே பக்கத்தில் வந்து நிற்கலாம். கணிப்பொறி உலகில் இதை 1946இலேயே, தொடக்கக் காலக் கணிப்பொறியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் மாக்லி தம் சொற்பொழிவில் விளக்கியிருக்கிறார். அகராதி புரட்டுகிற எல்லாரும் பெயர் தெரியாமலே செய்து வந்த காரியம். ஆனால் வரிசை உண்மையிலேயே ஒழுங்காக ஓடினால்தான் இது பலிக்கும். எந்தத் தேதியின் ஒழுங்கு என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் அத்தையின் பத்திரத்தில் நாங்கள் சறுக்கியது இந்த இடத்தில்தான்: பதிவேடு பதிந்த தேதியின் ஒழுங்கில் ஓடியது, நாங்கள் எழுதிய தேதியைப் பிடித்துக்கொண்டு போனோம்.

"இத்தனை பாடு எதற்கு, சொல்லைத் தட்டினால் பக்கம் வந்துவிடுமே" என்று இளையவர்கள் கேட்பார்கள். வரும், சில சமயம். தமிழில் அது வராமல் போவதற்குக் காரணங்கள் நிறைய. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நம் சொற்கள் வேற்றுமை ஏற்கும்போது உருமாறுகின்றன. 'ஏற்காடு' என்று தட்டினால் 'ஏற்காட்டில்', 'ஏற்காட்டுக்கு', 'ஏற்காட்டுச் சாலை' எதுவும் சிக்காது. 'டு' அங்கே 'ட்டு' ஆகிவிட்டது. 'சேலம்' என்று தேடினால் 'சேலத்தில்', 'சேலத்துக்காரர்' விடுபட்டுப் போகும். மாறாத பகுதியை மட்டும் தட்ட வேண்டும்: 'ஏற்கா', 'சேல'. நெசவு நடக்கும் ஊர் ஆனதால் 'சேல' என்று தட்டினால் பல மென்பொருள்களில் சேலைகளும் சேர்ந்து வந்து நிற்கும். வரட்டும். பத்து சேலையைத் தள்ளிவிட்டு ஒரு சேலத்தைப் பிடிப்பது, ஒன்றுமே வராமல் இருப்பதைவிட மேல்.

அடுத்தது, ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் செய்யும் பிழை. தமிழ் அச்சில் துணைக்காலும் 'ர' எழுத்தும் கிட்டத்தட்ட ஒரே உருவம். பழைய எழுத்துருவில் கேட்கவே வேண்டாம். 'காடு' என்று அச்சாகியிருப்பதை மென்பொருள் 'கரடு' என்று படித்துவிடும். வேறு ஊரில் என்றால் பிழை என்று உடனே தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் கரடு என்றால் பாறைக் குன்று. ஊரைச் சுற்றிக் கரடுகள் இருப்பதால் வாக்கியம் பொருளோடுதான் இருக்கும். ஒரு தோட்ட விவரத்தில் 'மேற்கே கரடு' என்று வந்ததை நான் அப்படியே நம்பிக் குறிப்பெடுத்துவிட்டேன். சந்தேகம் வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் 'மேற்கே காடு' என்று தெரிந்தது. அன்றிலிருந்து தேடலில் கிடைத்த எதையும் படத்தில் கண்ணால் பார்க்காமல் எழுதுவதில்லை. ஆங்கில நூல்களிலும் இதே கதை உண்டு: ஏற்காட்டின் ஆங்கிலப் பெயரில் வரும் 'யூ' எழுத்தை 'என்' என்று படித்துவிடும். வரியின் கடைசியில் சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தாலும் சிக்காது.

1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன்னால் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போட்ட உருவத்திலும், ணா, றா, னா ஆகியவை சுழித்த உருவத்திலும் இருக்கும். அவற்றைப் புதிய எழுத்துக்கு மட்டும் பழகிய மென்பொருள் ஏதோ ஒன்றாகப் படிக்கும். 'மலை' என்பதே நமக்கு வேண்டிய சொல் என்னும்போது இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசியுங்கள். அப்படிப்பட்ட நூலில் மலையைத் தேடாமல், பக்கத்தில் வரக்கூடிய வேறு சொல்லைத் தேட வேண்டும்: காப்பி, மிளகு, சுங்கம் என்று சிக்கலில்லாத எழுத்துள்ள சொல்லாக.

கணினியிலேயே தட்டச்சான பழைய கோப்புகளுக்கு வேறொரு தொல்லை. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்பதற்கு முன்னால் ஆளுக்கோர் எழுத்துரு. திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே கிடப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். தேடல் பெட்டியில் யூனிகோடு தமிழில் தட்டினால் ஒன்றும் வராது. சோதிக்க எளிய வழி, ஒரு வரியைப் பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். கிறுக்கலாக வந்தால் இதுதான் நோய். மருந்தும் அதிலேயே இருக்கிறது. நமக்கு வேண்டிய சொல்லை அந்தக் கோப்பில் கண்ணால் ஓரிடத்தில் கண்டுபிடித்து, அதைப் பிரதி எடுத்து, தேடல் பெட்டியில் கிறுக்கலாகவே ஒட்டிவிடுங்கள். அதே கோப்பில் அந்தச் சொல் வரும் மற்ற இடங்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இந்தச் சின்ன உத்தி எனக்குப் பல மாதங்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

தேடல் பெட்டி இல்லாத காலத்திலும் நம் ஆட்கள் இதையெல்லாம் யோசித்தவர்கள்தான். ஓலைச்சுவடியில் ஏட்டின் ஓரத்தில் தமிழ் எண் இருக்கும். கயிறு அறுந்து ஏடுகள் சிதறினாலும் எண் பார்த்து அடுக்கிவிடலாம். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம். எண் அழிந்துபோனாலும் பாட்டே தன் அடுத்த பாட்டைக் காட்டிவிடும். உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளைத் திறந்து பின்பக்கம் பாருங்கள்: பாட்டு முதற்குறிப்பு அகராதி, அரும்பத அகராதி என்று அட்டவணை மேல் அட்டவணை. அவரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பியவர் எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கியவர், சேலம் இராமசுவாமி முதலியார். 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தபோது நடந்த சந்திப்பு அது. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. ஏடு ஏடாகத் தேடி அலைந்த அந்தப் பெரியவர், பின்னால் வருகிறவர்கள் பக்கம் பக்கமாக அலையக் கூடாது என்று அகராதி செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

இன்னொன்றையும் நம் இலக்கியத்திலிருந்து கற்க வேண்டும். யாரும் திருக்குறளைப் பக்க எண் சொல்லி மேற்கோள் காட்டுவதில்லை. குறள் 391 என்றால் எந்தப் பதிப்பானாலும், கையடக்கமானாலும் உரையோடு கூடிய பெரிய நூலானாலும், 40ஆம் அதிகாரமான கல்வியின் முதல் குறள். புறம் 192 என்றால் யாதும் ஊரே. எண் தாளோடு ஒட்டாமல் பாட்டோடு ஒட்டியிருக்கிறது. (குறளிலும் ஓர் அதிகாரத்துக்குள் வரும் வரிசை உரையாசிரியருக்கு உரையாசிரியர் கொஞ்சம் மாறும், நாம் சொல்லும் எண் பரிமேலழகர் வரிசை. இங்கேயும் எந்த வரிசை என்ற கேள்வி விடுவதில்லை.)

இணையத்தில் இது மிகவும் தேவைப்படுகிறது. ஒரு நீண்ட பட்டியலில் 431ஆம் பதிவு நமக்கு வேண்டும். ஒரு திரைக்கு 20 பதிவு காட்டினால் அது 22ஆம் பக்கம். நண்பர் தம் திரையில் 50 வைத்திருந்தால் அவருக்கு 9ஆம் பக்கம். "இருபத்திரெண்டாம் பக்கம் பாரு" என்று சொன்னால் அவர் காணாமல் திகைப்பார். புதியது மேலே வரும் பட்டியல் என்றால் நாளைக்கு நமக்கே 22 பொய்யாகிவிடும். பதிவின் சொந்த எண்ணைச் சொன்னால் இருவருக்கும் ஒரே இடம். அந்த எண் தெரிந்தால் பக்கத்தைக் கணக்குப் போட்டே பிடிக்கலாம்: 431ஐ 20ஆல் வகுத்து மேல் முழு எண்ணை எடுத்தால் 22. முகவரிப் பட்டையில் பக்க எண் தெரிந்தால் அதை நேரே மாற்றி எழுதிவிடலாம், 'அடுத்து', 'அடுத்து' என்று இருபத்தோரு முறை அழுத்த வேண்டியதில்லை.

ஸ்கேன் நூல்களுக்கும் இணைப்பு கொடுக்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவில் நூலைத் திறந்தால் முகவரியின் பின்பகுதியில் பக்கம் தெரியும். எண்ணுக்கு முன்னால் 'என்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது படத்தின் வரிசை எண். வெறும் எண்ணாக இருந்தால் அச்சுப் பக்க எண். பிடிஎஃப் முகவரியின் கடைசியில் ஹேஷ் குறி, பேஜ் என்ற ஆங்கிலச் சொல், சமக்குறி, எண் என்று சேர்த்தால் உலாவியில் நேரே அந்தப் பக்கத்தில் திறக்கும்; அங்கே போட வேண்டியது அச்சு எண் அல்ல, கோப்பு எண். நான் யாருக்காவது அனுப்பும்போது அச்சு எண், கோப்பு எண் இரண்டையும் எழுதி, அந்தப் பத்தியின் முதல் நான்கு சொற்களையும் சேர்த்துவிடுவேன். எண் இரண்டும் பிசகினாலும் சொல்லைப் பிடித்துப் போய்விடலாம்.

நகல் கைக்கு வந்த அன்று அத்தை மறுபடி வந்திருந்தார். ஏழு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் எழுதி நகலின் மேல் குத்திக் கொடுத்தேன். எந்த அலுவலகம், 1 புத்தகம், தொகுதி எண், எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை, எழுதிய தேதி 1971 நவம்பர், பதிந்த தேதி 1972 பிப்ரவரி, பத்திர எண் 1972ஆம் ஆண்டு வரிசையில். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"சர்வே நம்பர உட்டுட்டியே கண்ணு" என்றார்.

உள்ளே நாலாம் பக்கத்தில் இருந்தது. உட்பிரிவோடு எடுத்துச் சேர்த்தேன்.

"ஒங்க மாமா பேரு எப்பிடி எழுதியிருக்குதோ அப்பிடியே எழுது. இனிசியல் வேற மாதிரி இருக்குது பாரு, தாத்தா பேரையும் சேத்துப் போட்டிருக்காங்க."

அப்படியே எழுதினேன். பெயர் அட்டவணையில் தேடுகிறவருக்கு அது தேவைப்படும். எனக்குத் தோன்றாமல் போயிற்று. அத்தை தாளைப் போனில் படம் எடுக்கச் சொல்லி இரண்டு மகன்களுக்கும் அனுப்பச் சொன்னார். பிறகு நகலை மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டு ஏற்காட்டு வண்டிக்குக் கிளம்பினார்.